காசியம்மாள் வீட்டுப் படம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சிலிக்கா ஜெல் வறுத்தது. ஐப்பசி மழை பிடித்திருந்தது. கேமரா பெட்டிக்குள் துணிப்பையில் கட்டிப் போட்டு வைக்கும் மணிகள் அவை. காய்ந்திருந்தால் நீலமாக இருக்கும். ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும். அடுப்பில் வைத்து வறுத்தால் மறுபடி நீலமாகும். நான் சேலத்தில் உலைக்கல் கம்பெனி சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

அம்மா வாணலியைத் தர மறுத்துவிட்டாள். அப்பளம் பொரிக்கிற பாத்திரத்தில் மருந்தெல்லாம் வறுக்கக் கூடாது என்றாள். அவள் சொன்னது சரிதான். பழைய இரும்புச் சட்டி ஒன்றைப் பின்கட்டிலிருந்து தேடி எடுத்தோம். அப்பா கரண்டியால் கிளறினார். நான் ஸ்டவ் திரியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தேன். நிறம் மாறியதும் பைகளில் நிரப்பி வாயைத் தைத்தோம். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. நான் கோர்த்துக் கொடுத்தேன். மறுநாள் சேலத்துக்கு பஸ் ஏறினேன். அடுத்த வாரம் தந்தி வந்தது.

அப்பா பெயர் பூவராகன். பிறந்தது ஸ்ரீமுஷ்ணம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார். டிரையர் அறை அவர் பொறுப்பு. அச்சில் வார்த்த பொம்மைகளும் ஜாடிகளும் சூளைக்குப் போகும் முன் அங்கேதான் காயும். சூளையின் கழிவுச்சூடு குழாய் வழியாக அங்கே வரும். கார்த்திகை மழையில் ஊரே ஊறிக் கிடக்கும்போதும் அந்த அறையில் காகிதம் மொரமொரவென்று இருக்கும்.

கேமராவைப் பாதுகாக்க அதைவிட நல்ல இடம் உண்டா என்று இரண்டு வருஷம் முன்பு நான்தான் அப்பாவிடம் கேட்டேன். லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது என்று அவர் புலம்பிக்கொண்டிருந்த நேரம். கைப்பிடி மணிகளை வைத்துக்கொண்டு ஏன் அல்லாட வேண்டும், டிரையரில் ஒரு தட்டு போதுமே என்றேன். படித்தவளின் யோசனை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு சொன்னார். அன்றைக்குப் பாதி, அடுத்த முறை நான் வந்தபோது மீதி. ஒரு பகுதி எனக்கே தெரியும். நான் அங்கே இருந்தேன்.

அறுபதுகளில் விருத்தாசலத்தில் பிழைப்புக்காக இல்லாமல் படம் எடுத்தவர்கள் மூன்று பேர். அப்பா ஒருவர். ஜங்ஷனில் பார்சல் கிளார்க்காக இருந்த தேவநாதன் மாமா ஒருவர். மூன்றாமவர் மங்கலம்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த பாய். அவர் தம்பி சிங்கப்பூரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவநாதன் மாமாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் கூடுவார்கள். பெஞ்சில் துண்டை விரித்து, புதிதாக வந்ததை அதன்மேல் வைப்பார்கள். லென்ஸ், ஃபில்டர், வெளிச்சம் அளக்கும் மீட்டர், தோல் உறை எதுவானாலும் சரி. ஒவ்வொருவராக எடுத்துப் பார்ப்பார்கள். திருகுவார்கள். ஜன்னல் பக்கம் நீட்டுவார்கள். காதோரம் வைத்து ஷட்டர் சத்தம் கேட்பார்கள். படத்தைப் பற்றிப் பேச்சு வருவது அபூர்வம்.

தேவநாதன் மாமா மட்டும் கேலி செய்வார். "ஏன்யா பூவராகா, கேமரா வாங்கிட்ட, உறை வாங்கிட்ட, ஸ்டாண்டு வாங்கிட்ட. ஃபிலிமுன்னு ஒண்ணு இருக்குதாமே, அது எப்ப வாங்கப்போற?"

ஃபிலிம் கிடைக்காத காலம் அது. மெட்ராஸிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். பாதி எடுத்துவிட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பது எல்லோருக்கும் வழக்கம். சுருள் முடியாமல் கழுவக் கொடுப்பதை வீண் செலவு என்று நினைப்பார்கள். 

அப்பா முதலில் வைத்திருந்தது ஆக்ஃபா பெட்டிக் கேமரா. அறுபத்து மூன்றில் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய யாஷிகா ஒன்று வாங்கினார். இரண்டு கண் உள்ளது. மார்புக்கு நேரே பிடித்து, மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். மேலே உள்ள கண்ணாடியில் காட்சி தெரியும். ஆனால் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே லென்ஸில் பூஞ்சை வெள்ளை இழையாக எட்டிப் பார்த்தது. அப்பா பயந்துபோய் கேமராவை ஒரு தகரப் பெட்டியில் வைத்து டிரையர் அறையின் மேல் தட்டுக்குக் கொண்டுபோனார். பூஞ்சை நின்றுவிட்டது. நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். உங்களுக்கெல்லாம் இந்த வசதி உண்டா என்று கேட்டாராம்.

பாஞ்சாலை அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வார்த்த பொம்மைகளில் அச்சின் ஓரத்தால் விழும் கோட்டைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை. கம்மாபுரத்துக்கு அந்தப்புறம் ஒரு கிராமம். நிலக்கரிச் சுரங்கத்துக்காக அவர்கள் ஊரை எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது. வீட்டை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார். அவருடைய அப்பா விருத்தகிரி, அந்த வீட்டிலேயே பிறந்தவர். அவரை வாசலில் நிறுத்தி எடுக்க வேண்டும் என்று ஆசை.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனார். மண்சுவர், கூரை, பக்கத்தில் ஒரு வேப்பமரம். விருத்தகிரி துவைத்த வேட்டி கட்டி, தலையை நீர் தொட்டுச் சீவிக்கொண்டு நின்றாராம். கண்ணில் அப்போதே புரை. கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அப்பா குனிந்து கண்ணாடியில் நெடுநேரம் பார்த்து மூன்று படம் எடுத்தார். மோர் குடித்தார். சீக்கிரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

சுருளில் நாலு படம் மிச்சம் இருந்தது. மங்கலம்பேட்டை பாயின் தம்பி சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்காக மஞ்சள் ஃபில்டரும், கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்கும் லென்ஸும் அனுப்புவதாக இருந்தது. பொங்கலுக்குள் வந்துவிடும் என்றார்கள். வந்ததும் சோதித்துப் பார்க்க ஃபிலிம் வேண்டும். அந்த நாலு படத்தையும் அப்பா அதற்கென்று ஒதுக்கினார். கேமராவைத் தகரப் பெட்டியில் வைத்து மேல் தட்டில் ஏற்றினார்.

ஃபில்டர் வைகாசியில் வந்தது. அதற்குள் பாஞ்சாலையின் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். வீடு இடிந்துவிட்டது. கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட குடியிருப்புக்கு அவர்கள் போய்விட்டார்கள். அப்பா ஃபில்டரை மாட்டிச் செம்பருத்திப் பூ ஒன்றையும் கோயில் கோபுரத்தையும் எடுத்துவிட்டு, சுருளை தேவநாதன் மாமா வீட்டுக் குளியலறையில் கழுவினார்.

என் வேலை உலைச்சூடு சம்பந்தப்பட்டது. அந்த அறையில் அத்தனை மாதம் கிடந்த ஃபிலிமுக்கு என்ன ஆகும் என்று அப்பா சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. பதிந்த உருவம் மங்கும். படலம் தானாகவே கறுக்கும். பின்னால் சுற்றியிருக்கும் தாளில் அச்சிட்ட எண்கள் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். விருத்தகிரி நின்ற இடத்தில் ஒரு ஏழும் சில புள்ளிகளும் இருந்ததாக அப்பா சொன்னார். செம்பருத்தி மட்டும் ஓரளவு விழுந்திருந்தது.

தேவநாதன் மாமா கேட்டதற்கு, மருந்து சரியில்லை என்று சொல்லிவிட்டார். பாஞ்சாலை கேட்டதற்கு, மெட்ராஸுக்குக் கழுவ அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு பொய்யோடு விட்டிருக்கலாம். பாஞ்சாலை தினமும் கேட்டவர் இல்லை. அந்த வருஷம் ஆனி மாதம் ஒரு பலாப்பழத்தைத் தலையில் சுமந்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். படம் எடுத்ததற்காக என்றார். அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். அப்பா ஒரு சுளைகூடத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அதன் பிறகுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். பக்கத்துக் கிராமத்தைச் சுரங்கத்துக்கு அப்போது இன்னும் எடுக்கவில்லை. அங்கே போய்த் தெருத்தெருவாகச் சுற்றி, அதே மாதிரி மண்சுவரும் கூரையும் வேப்பமரமும் உள்ள ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். வாசற்படிக்கு அரைப்பகுதி உடைந்த அம்மிக்கல்லைப் போட்டிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. குனிந்து கண்ணாடியில் பார்த்தார். அச்சு அசலாக பாஞ்சாலை வீடு. எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிரிண்ட் போட்டபோது வேப்பமரம் வலது பக்கம் விழுந்தது. அப்பாவின் ஞாபகத்தில் பாஞ்சாலை வீட்டு மரம் இடது பக்கம். அதனால் நெகட்டிவைப் புரட்டி வைத்து மறுபடி பிரிண்ட் போட்டார். மரம் இடது பக்கம் போயிற்று. உண்மையில் பாஞ்சாலை வீட்டிலும் மரம் வலது பக்கம்தான். அப்பா அந்த வீட்டை நேரில் பார்த்ததைவிடக் கேமராக் கண்ணாடியில் பார்த்தது அதிகம். மனதில் நின்றது அந்த இடம்வலம் மாறிய வீடு.

இதை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

படத்தை பாஞ்சாலையிடம் கொடுத்தார். விருத்தகிரி நின்ற படம் விழவில்லை, வீடு மட்டும்தான் விழுந்தது என்றார். பாஞ்சாலை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க சார்" என்றார். மறுபடி வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதாம்.

அறுபத்தொன்பதில் பாஞ்சாலையின் மகளுக்குக் காதுகுத்து. குடியிருப்பில் பந்தல் போட்டுச் செய்தார்கள். அப்பா என்னையும் அழைத்துப் போனார். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரே சூப்பர்வைசர் என்பதால் அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். நாற்காலி உள்ளே, சுவரோரம். தலைக்கு மேலே அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. சட்டத்தின் மூலையில் குங்குமப் பொட்டு. கீழே ஒரு சின்ன மாடத்தில் விளக்கு.

விருத்தகிரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண் அநேகமாகப் போய்விட்டது. அப்பாவின் குரலைக் கேட்டதும் கை கூப்பினார். பிறகு கையை நீட்டி, தேடாமலே சட்டத்தைத் தொட்டார். "காலையில எழுந்ததும் இதத் தொட்டுட்டுத்தாங்கய்யா டீயே குடிப்பேன்" என்றார். அப்பா எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பாஞ்சாலையின் தாய்மாமன் பழமலை என்பவர் வெளியூரிலிருந்து அன்றுதான் முதல்முறையாக அந்த வீட்டுக்கு வந்திருந்தார். கலகலப்பான ஆள். வெற்றிலையை மென்றுகொண்டே படத்தின் கிட்டே போனார்.

"இன்னாடி பாஞ்சால, காசியம்மா வூட்டப் படம் புடிச்சி மாட்டி வெச்சிருக்க. அதோ பாரு அந்த ஒடஞ்ச அம்மி. வூட்ட யாரோ திருப்பிப் போட்டாப்ல இருக்குது. கண்ணாடில பாத்தா மாதிரி."

சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் எட்டிப் பார்த்து, ஆமாம், அந்த அம்மியேதான் என்றாள். காசியம்மாள் பாஞ்சாலைக்குப் பெரியம்மா முறை. பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர்.

பாஞ்சாலை சாப்பாட்டு இலைகளைக் கையில் வைத்திருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாமா, காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா? அது எங்க வூடு. சாரு நேர்ல வந்து எடுத்தாரு. அப்பாவக் கேளு."

"ஆமாண்டா, நான் நின்னனே" என்றார் விருத்தகிரி.

பழமலை அப்பாவைப் பார்த்தார். பிறகு பாஞ்சாலையைப் பார்த்தார். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் உடைந்த அம்மி இருந்தது என்று எதையோ சொல்லிவிட்டு வெற்றிலை துப்ப வெளியே போனார். அப்பா சாப்பிட்டார். போட்டதையெல்லாம் சாப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

பஸ் நிற்கும் இடம் வரை பாஞ்சாலை கூட வந்தார். கையில் ஒரு பை முந்திரிக்கொட்டை. அதை என்னிடம் கொடுத்தார். பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே அப்பாவிடம் பேசினார்.

"சார், காசியம்மா பெரியம்மா வூட்டையும் இப்ப இடிச்சிட்டாங்க. பெரியம்மாவும் இங்கதான் பின் தெருவுல மகன் வூட்டுல இருக்குது. அவங்க வூட்டுப் படம் வேற யாருகிட்டயும் இல்ல. ஒரு காப்பி போட்டுக் குடுங்க."

அப்பாவும் பஸ் வரும் திசையைப் பார்த்தார்.

"நேரா இருக்கிற மாதிரி போட்டுக் குடுங்க சார். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"ஆகட்டும்மா" என்றார் அப்பா.

பஸ்ஸில் நான் கேட்டேன், அது யார் வீடு அப்பா என்று. அவர் டிக்கெட்டை இரண்டு சட்டைப் பைகளிலும் தேடிக்கொண்டிருந்தார். டிக்கெட் என் கையில் இருந்தது.

ஒரு பிரிண்ட் போடுவது ஒரு சாயங்கால வேலை. நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. ஆனால் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜர் தேவநாதன் மாமாவிடம்தான் இருந்தது. முன்பு ஒருமுறை புரட்டி வைத்துப் போட்டதை அவர் பார்த்திருந்தார். இப்போது நேராகப் போட்டால் ஏன் என்று கேட்பார். அதனால் அப்பா தானே ஒரு என்லார்ஜர் வாங்குவது என்று முடிவு செய்தார். அது கிடைக்க நாளாயிற்று. வந்த பிறகு அதில் இருந்த லென்ஸ் போதாது என்றார். ஓரத்தில் தெளிவில்லையாம். காசியம்மாளுக்குக் கொடுப்பது நல்லதாக இருக்க வேண்டாமா? லென்ஸும் வந்தது. பிறகு சிவப்பு விளக்கு. பிறகு ஜெர்மன் பேப்பர். நடுவில் யாஷிகாவைக் கொடுத்துவிட்டு ஒரு பிராக்டிகா வாங்கினார். அதற்கு நீள லென்ஸ் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் துண்டின் மேல் அதிகம் சாமான் வைத்தவர் அப்பாதான். மங்கலம்பேட்டை பாய் பொறாமைப்பட்டாராம். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. குளியலறையை இருட்டாக்குகிறார் என்ற ஒரு குறைதான் அவளுக்கு.

உண்மையான தடை வேறு. இரண்டு படமும் ஒரே குடியிருப்பில் இரண்டு தெருவில் தொங்கும். ஒன்றில் மரம் இடது பக்கம், ஒன்றில் வலது பக்கம். அம்மிக்கல் இரண்டிலும் இருக்கும். கண் உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். விருத்தகிரியின் காதிலும் விழும். அவர் உயிரோடு இருக்கும் வரை அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது. எழுபத்து மூன்றில் அவர் காலமானார். அப்பா துக்கத்துக்குப் போனார். அன்று சட்டத்துக்கு நேர்கீழே பாயைப் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்களாம். அப்பா வாசலிலேயே நின்று மாலையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

பாஞ்சாலை அதன் பிறகும் தொழிற்சாலையில் இருந்தார். பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்வார். ஆனி பிறந்தால் பலாப்பழம் வரும். காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று அப்பா என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு உடனே, இல்லை, கொடுத்திருக்க மாட்டேன் என்றார்.

அப்பாவை நான் குறைவாகப் பேசுவதாகப் படிப்பவர்கள் நினைக்கக் கூடாது. ஒரு முறைகூடத் தொழிற்சாலைச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். என் படிப்புக்காக அவர் யார் யாரிடம் போய் நின்றார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு மண்சுவர் வீடு இன்னொரு மண்சுவர் வீடு மாதிரியே இருக்கும் என்று அவர் நம்பினார். எங்கள் வீட்டில் யார் போயிருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்போம். எனக்கு அதில்தான் தலை குனிகிறது.

இந்த வருஷம் புரட்டாசியில் அப்பா பிரிண்டைப் போட்டுவிட்டார். அம்மா சொல்லித்தான் தெரிந்தது. குளியலறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கியதாம். ஏதோ குடிசைப் படம் என்றாள். காய்ந்ததும் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினாராம். எங்கே என்று கேட்டதற்கு, கம்மாபுரம் வரை போயிட்டு வரேன் என்றாராம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிட்டார். அதே பொட்டலம் கையில் இருந்தது. பஸ்ஸில் கூட்டம், ஏற முடியவில்லை என்றாராம். இரண்டு பஸ் காலியாகப் போனதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவரும் அதே நிறுத்தத்தில்தான் நின்றிருந்தார்.

அதற்கடுத்த வாரம் போகலாம் என்றாராம். மழை பிடித்துக்கொண்டது.

அப்பா இறந்த பத்தாம் நாள் பாஞ்சாலை வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாரு மாதிரி ஒருத்தரைப் பார்க்க முடியாது என்றார். காசியம்மாள் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டேன். இருக்கிறார், நடமாட்டம் இல்லை, பின் தெருவில் அதே வீடுதான் என்றார்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். படம் நன்றாக விழுந்திருக்கிறது. ஓரங்கள்கூடத் தெளிவு. மரம் வலது பக்கம். அப்பா அதைக் காசியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.